காமன் பொட்டலில் பதிந்த பாட்டைத் தெளிவாக்குதல்: காதில் படும் குறையிலிருந்து தொடங்கும் வழிமுறை

மலையகத்தில் நம் கூத்தும் பாட்டும் பெரும்பாலும் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியிலோ, அலுமாரிக்குள் கிடக்கும் கசெட்டிலோதான் இருக்கின்றன. மாசியில் காமன் கூத்து நடக்கும் வெளியான காமன் பொட்டலில் விடிய விடியப் பாடியது, ஆடித் திருவிழாவில் தப்பு மேளமும் உறுமியும் முழங்கியது, தோட்டத் தொழிலாளர் வேலைக்குமுன் கூடும் பிரட்டுக்களத்தில் மேடை போட்டு மெல்லிசைக் குழு பாடியது எதற்கும் இரண்டாவது பிரதி கிடையாது. பாடியவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. அதனால்தான் கரகரக்கும் ஒரு பதிவுக்காக ஒரு முழு மாலையைச் செலவிடலாம் என்கிறேன்.

மென்பொருளைத் திறந்தவுடன் கண்ணில் பட்ட பொத்தானை எல்லாம் அழுத்தினால் பதிவு கெடும். முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்தக் குறை எந்த இடத்தில் உள்ளே வந்தது? காற்றிலா, மின்கம்பியிலா, ஒலிவாங்கியிலா, நாடாவிலா, கோப்பை அனுப்பிய வழியிலா? காதுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு குறைகளுக்கு மருந்து வெவ்வேறாக இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் செய்யக்கூடியவை. சாதாரண மடிக்கணினி போதும். கணினியின் சிறிய ஒலிபெருக்கியை நம்பாமல் காதை மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 100 அதிர்வுக்கு) கீழே நடப்பது மடிக்கணினியில் கேட்கவே கேட்காது. மூலக் கோப்பைத் தொடாமல் பிரதி எடுத்து, அதைச் சுருக்கப்படாத வேவ் வடிவத்துக்கு மாற்றி அதில் மட்டும் வேலை செய்யுங்கள். எம்பி3 கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒலி உதிர்ந்துபோகும்.

செய்யும் வரிசையும் முக்கியம். உடைந்த ஒலியைச் சரிசெய்வது முதலில், பிறகு மின் ரீங்காரம், பிறகு காற்று, அதன்பின் பொது இரைச்சல், அதற்குப் பிறகு குரலுக்கும் மேளத்துக்கும் இடையிலான சமநிலை, கடைசியில் ஒலியின் உரப்பு. உரப்பை முதலில் கூட்டினால் குறைகளும் சேர்ந்து பெரிதாகும். வடிகட்டிகளை முதலில் போட்டால் உடைந்த அலையின் தட்டையான உச்சி உருமாறிப் போய், அதைக் கண்டுபிடிக்கும் கருவி ஏமாந்துவிடும்.

பாட்டு முழுவதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஒலி ஓடுகிறது

மலையகப் பதிவுகளில் அதிகம் காணும் குறை இது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் குறைந்தது மூன்று காரணங்கள் ஒளிந்திருப்பதால் இங்கே பொறுமை வேண்டும்.

யாரும் பாடாத, மேளம் அடிக்காத ஓர் இரண்டு வினாடியைத் தெரிவுசெய்து, எந்தத் தொனியில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று வரைந்து காட்டும் ‘ப்ளொட் ஸ்பெக்ட்ரம்’ திறந்து பாருங்கள். எந்த மீடிறனில் (அதிர்வெண்ணில்) கூர்மையான கொம்புகள் எழுந்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே 50, 100, 150, 200 என்று கொம்புகள் வரிசையாக நின்றால் அது மின்கம்பி வழியாக ஒலிபெருக்கித் தொகுதிக்குள் புகுந்தது. ஒரு மீடிறனை மட்டும் வெட்டும் ‘நாட்ச் ஃபில்டர்’ என்பதை எடுத்து ஒவ்வொரு கொம்புக்கும் தனித்தனியாகப் போடுங்கள். அதில் கியூ என்ற எண் வெட்டின் ஒடுக்கத்தைத் தீர்மானிக்கும். 50 ஹெர்ட்ஸில் கியூ 5 அல்லது 10 போதும், அங்கே குரல் எதுவும் இல்லை. 100, 150, 200 ஆகிய இடங்களில் 30 வரை கூட்டி வெட்டை மிக ஒடுக்கமாக்குங்கள். ஆண் குரலின் அடித்தொனி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கும் 200 ஹெர்ட்ஸுக்கும் இடையில்தான் இருக்கிறது. அங்கே அகலமாக வெட்டினால் ரீங்காரத்தோடு பாடுபவரின் நெஞ்சுக் குரலும் போய்விடும்.

வெட்டியும் ரீங்காரம் விட்டுவிட்டு வருகிறதா? அப்படியானால் அன்று மின்பிறப்பாக்கியில் நிகழ்ச்சி நடந்திருக்கிறது. காமன் பொட்டலுக்கும் தேயிலை மலைக்கு நடுவே உள்ள கோயிலுக்கும் அதுதானே மின்சாரம். மின்பிறப்பாக்கி சரியாக 50 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை. சுமை குறைந்த நேரத்தில் சற்று மேலே ஓடும். அலங்கார விளக்குச் சரத்தைப் போட்டவுடன் இயந்திரம் திணறிக் கீழே இறங்கும். நேரம் போகப் போக மீடிறன் மாறுவதைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறினால் நேராக ஓட வேண்டிய கோடு நெளிந்து நெளிந்து போவது கண்ணுக்கே தெரியும். ஒரே வெட்டு முழுப் பதிவுக்கும் பொருந்தாததன் காரணம் இதுதான். கோடு ஓரளவு நேராக இருக்கும் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மீடிறனை மறுபடி பார்த்து, அதற்கேற்ப வெட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

மூன்றாவது காரணம் பலரும் தவறவிடுவது. கொம்புகள் 25, 75, 125 என்ற இடங்களிலும் நின்றால் அது மின்சாரக் குறையே அல்ல. மின்பிறப்பாக்கியின் இயந்திர ஓசை காற்றில் வந்து ஒலிவாங்கியில் விழுந்திருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் நான்கடிப்பு இயந்திரம் வினாடிக்கு 25 தடவை வெடிக்கும். அதன் மடங்குகளே அந்தக் கொம்புகள். இதை ஒவ்வொன்றாக வெட்டப் புறப்பட்டால் முடிவே இருக்காது. 80 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு ‘ஹை-பாஸ்’ வடிகட்டி போட்டு அடியை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொது இரைச்சலாக எண்ணிப் பின்னர் சொல்லும் முறையில் குறையுங்கள்.

குரல் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் உடைகிறது, கரகரக்கிறது

அலை வடிவத்தை நன்றாகப் பெருக்கிப் பாருங்கள். உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால், பதிவுக் கருவி தாங்கும் அளவை ஒலி மீறியிருக்கிறது. ஒலிபெருக்கிக் கூம்புக்கு நேர் கீழே தொலைபேசியைப் பிடித்தவர்களின் பதிவுகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்.

இதற்கு ‘கிளிப் ஃபிக்ஸ்’ இருக்கிறது. சீவப்பட்ட உச்சியின் இரு பக்கச் சரிவையும் பார்த்து, விடுபட்ட வளைவை அது ஊகித்து நிரப்பும். வளைவு உயர இடம் வேண்டும் என்பதால் ஒலியளவைக் குறைக்கும்படி அதிலேயே ஒரு பெட்டி உண்டு. 9 டெசிபல் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தட்டையான உச்சி முழு அளவுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டிருந்தால், எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பார்த்து அதற்குக் கொஞ்சம் கீழான எண்ணை வரம்பாகக் கொடுக்க வேண்டும். ஓரிரு மில்லி வினாடி உடைவுகள் வியக்கத்தக்க அளவு சரியாகும். பாட்டு முழுவதும் தட்டையாகிப் போனதென்றால் கரகரப்புச் சற்றுத் தணியும், அவ்வளவுதான்.

உச்சிகள் தட்டையாக இல்லை, ஆனாலும் குரல் உடைகிறதா? அப்படியானால் உடைந்தது உங்கள் கருவியில் அல்ல, மேடையின் ஒலிபெருக்கியில். உடைந்த ஒலியைத் தொலைபேசி உண்மையாகவே பதிந்திருக்கிறது. கிளிப் ஃபிக்ஸ் இங்கே எதுவும் செய்யாது. மீடிறன் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ‘ஃபில்டர் கர்வ்’ சமன்படுத்தியில் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். கூம்பு ஒலிபெருக்கி 6,000, 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் தருவதில்லை; அதற்கு மேலே இருப்பது அனேகமாக மழையும் சலசலப்பும்தான். அங்கே மெதுவாகச் சரித்துவிட்டால் காதின் எரிச்சல் குறையும். நேரில் அடித்த தப்பும் அதே பதிவில் இருந்தால் இந்தச் சரிவைக் குறைவாக வையுங்கள், குச்சி தோலில் படும் அந்தச் ‘சடக்’ ஒலி அங்கேதான் இருக்கிறது.

மழை இரைச்சல், காற்று மோதும் ‘படபட’

ஆடி மாதத்தில் தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் கொட்டும். அதே மாதம் பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை குறைவு, காற்று பலம். எனவே ஒரே திருவிழாவின் பதிவில்கூட, மலையின் எந்தப் பக்கத்தில் நடந்தது என்பதைப் பொறுத்துக் குறை மாறும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

காற்று எளிது. ஒலிவாங்கியில் மோதும் காற்றின் வலிமை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஹை-பாஸ் வடிகட்டியை 100 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு (மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 24 டெசிபல் சரிவில் போடுங்கள். உறுமி இருக்கும் பதிவானால் 60 அல்லது 70 ஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள். உறுமியின் அந்த இழுவைத் தொனி போய்விட்டால் அருள் வந்து ஆடியவர் எதைக் கேட்டு ஆடினார் என்பதே பதிவில் இல்லாமல் போகும். தனித்தனியாக வரும் பெரிய மோதல்களை அந்தந்த இடத்தில் மட்டும் தெரிவுசெய்து கூடுதலாக வெட்டலாம்.

தகரக் கூரையில் பெய்யும் மழை வேறு. அது எல்லா மீடிறனிலும் பரவிக் கிடப்பது, வெட்டி எடுக்க ஓர் இடம் இல்லை. இங்கேதான் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’. பாட்டு இல்லாமல் மழை மட்டும் கேட்கும் ஒரு வினாடியைத் தெரிவுசெய்து, இரைச்சலின் மாதிரியாகக் கருவிக்குக் காட்டுங்கள். பிறகு முழுப் பகுதியையும் தெரிவுசெய்து 6 முதல் 9 டெசிபல் வரை குறையுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 20 டெசிபல் குறைத்தால் மழை போய்விடும், ஆனால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குமிழியிடும். ஜாலராவும் சலங்கையும் சிதைந்துபோகும். ஒரு தடவை பலமாகக் குறைப்பதைவிட இரண்டு தடவை மெதுவாகக் குறைப்பது மேல். மழை வலுத்தும் தணிந்தும் பெய்திருந்தால் ஒரு மாதிரி முழுப் பதிவுக்கும் பொருந்தாது, ஒவ்வொரு பகுதிக்கும் அதன் அருகிலிருந்தே மாதிரி எடுங்கள்.

‘அரோகரா’ என்று எழும் குரலையும், கூத்து நடுவில் பெண்கள் விம்முவதையும், பிள்ளைகளின் கூச்சலையும் சிலர் இரைச்சல் என்று அழிக்கப் பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ரதி புலம்பும் இடத்தில் பொட்டல் முழுவதும் அமைதியாகிப் போவதும், பிறகு சலசலப்பதும் அந்தக் கூத்தின் பகுதி. மழையைக் குறையுங்கள், ஊரைக் குறைக்காதீர்கள்.

தப்பு காதைப் பிளக்கிறது, பாட்டுக்காரரின் சொல் விளங்கவில்லை

ஒலிவாங்கி மேளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இப்படி ஆகும். இரண்டு வேலைகள் செய்யலாம். முதலாவது, சமன்படுத்தியில் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3, 4 டெசிபல் இறக்கி, 2,000 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றுங்கள். க, ச, ட, த போன்ற வல்லின எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் ஒலி அந்தப் பகுதியில்தான் வலுவாக இருக்கிறது. ஏற்றுவதைவிட இறக்குவதில் அதிகம் நம்பிக்கை வையுங்கள்.

இரண்டாவது, ‘லிமிட்டர்’. மேள அடியின் உச்சியை மட்டும் 4 முதல் 6 டெசிபல் அமுக்கிவிட்டால், குரலை அந்த அளவுக்கு உயர்த்த இடம் கிடைக்கும். அதற்கு மேல் அமுக்கினால் தப்பு அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். மூடுபனியில் தளர்ந்த தோலைத் தீயில் காய்ச்சிக் காய்ச்சி முறுக்கேற்றிய அடி அது, அதை மொட்டையாக்க யாருக்கும் உரிமையில்லை.

சொற்கள் இன்னும் விளங்கவில்லையென்றால், ஒலியோடு போராடுவதை நிறுத்திவிட்டு அந்த வரிகளைத் தெரிந்த முதியவர் ஒருவரை உட்கார வைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிவையுங்கள். எந்த வடிகட்டியும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

ஒலி ஏறி இறங்குகிறது: அடித்தவுடன் எல்லாம் அமுங்கி, பிறகு மெல்ல மேலே வருகிறது

தொலைபேசி தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைத்ததன் விளைவு. உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸர் போட்டால் இது மோசமாகும். ‘என்வலப் டூல்’ எடுத்து, அமுங்கிய இடங்களைக் கையால் உயர்த்திச் செல்லுங்கள். ஒவ்வோர் அடிக்கும் செய்ய முடியாது. பாட்டின் அடிகள் தொடங்கும் இடங்களைச் சரிசெய்தாலே போதும்.

பழைய கசெட்: மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது

இதைக் கணினியில் சரிசெய்யப் புறப்படாதீர்கள். குறை பெரும்பாலும் நாடாவில் இல்லை, அதை ஓட்டும் கருவியில் இருக்கிறது. நாடாவில் இருக்கும் ஒலி முழுமையாக வெளியே வராதபோது, வராததை மென்பொருள் கொண்டுவர முடியாது.

முதலில் நாடாவையே பாருங்கள். நுவரெலியா, தலவாக்கலை ஈரத்தில் பல வருடம் கிடந்த கசெட்டின் சுற்றில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருக்கும். அப்படியிருந்தால் ஓட்ட வேண்டாம். நாடாவை வாசிக்கும் கருவியின் தலையிலும் அடுத்த கசெட்டிலும் அது ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணத்தை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு, அதைத் தனியாக ஒரு பையில் வைத்து, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சணம் இல்லாவிட்டால், நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் மந்தமாகத்தான் கேட்கும். வேறொரு நல்ல உறைக்குள் நாடாவை மாற்றிவிடலாம்.

பிறகு கருவியின் தலையை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், கபில நிறம் வருவது நிற்கும் வரை. நாடா இரைச்சலைக் குறைப்பதற்கான டொல்பி பொத்தான் அழுத்தியிருக்கிறதா பாருங்கள். டொல்பி இல்லாமல் பதிந்ததை டொல்பியில் ஓட்டினால் உயர்தொனி மங்கும்.

இவற்றுக்குப் பிறகும் மந்தமென்றால் தலையின் சாய்வுதான் காரணம். பதிந்த கருவியின் தலையும் உங்கள் கருவியின் தலையும் ஒரே கோணத்தில் இருந்திருக்காது. தலையின் பக்கத்திலுள்ள சிறிய திருகாணியை, நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிக மெல்லத் திருப்புங்கள். இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: ஓர் இடத்தில் ஜாலரா சட்டென்று மின்னும். அங்கே நிறுத்துங்கள். திரை விலகுவது போன்ற அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். இப்படித் திருப்பிய கருவியில் மற்றக் கசெட்டுகள் மந்தமாகக் கேட்கக்கூடும், எனவே இதற்கென்று ஒரு கருவியை ஒதுக்கிவிடுவது நல்லது.

கசெட்டில் குரல் வேகமாக, சுருதி மேலே போய் ஒலிக்கிறது

பதியும்போது பற்றரி தளர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது எல்லாம் வேகமாகிவிடும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஊகிக்கத் தேவையில்லை. முதலில் திட்டிய அந்த ரீங்காரம் இப்போது உதவிக்கு வரும். ஒலிபெருக்கி அரச மின்சாரத்தில் இயங்கிய நிகழ்ச்சியானால், அதன் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் நாடாவில் பதிந்திருக்கும். ஸ்பெக்ட்ரத்தில் அது 52 ஹெர்ட்ஸில் நின்றால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 50-ஐ 52-ஆல் வகுத்து வரும் 0.9615 என்பதை வேக மாற்றத்துக்குக் கொடுங்கள். எனவே வேகத்தைச் சரிசெய்யும் வரை ரீங்காரத்தை வெட்டக் கூடாது.

சரியாக 50-இல் இன்னொரு கொம்பும் நின்றால், அது இப்போது நீங்கள் ஓட்டும் கருவியிலிருந்து வருவது. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மின்பிறப்பாக்கி இரவுகளில் இந்த வழி பயன்படாது. அப்போது ஹார்மோனியத்தின் ஒரு கட்டையைப் பிடித்து ஒப்பிடுங்கள், அதன் சுருதி மாறாதது. பற்றரி போகப் போகத் தளர்ந்ததால் சுருதியும் போகப் போக ஏறுகிறதென்றால், ‘டைம் ட்ராக்’ சேர்த்து வேகத்தைச் சரிவாக மாற்றலாம்.

ஒரே சொல் இரண்டு, மூன்று தடவை கேட்கிறது

பாதையோரம் நெடுகக் கூம்புகள் கட்டியிருப்பார்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகிறது. 34 மீற்றர் தள்ளியிருக்கும் கூம்பின் ஒலி பத்தில் ஒரு வினாடி தாமதமாக வரும். எதிர் மலையிலிருந்து திரும்புவது இன்னும் பிந்தும். இதை நீக்க முடியாது. 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கினால் குழப்பம் சற்றுத் தணியும். ஒரு கூம்புக்கு மிக அருகிலிருந்து வேறு யாராவது பதிந்தார்களா என்று தேடுவதே சரியான வழி.

அப்படி இரண்டாவது பதிவு கிடைத்தால், ஒரு தனித் தப்பு அடியை அடையாளமாக வைத்து இரண்டையும் பொருத்துங்கள். இரண்டு தொலைபேசிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது, நேரம் போகப் போக விலகும். எனவே ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் மறுபடி பொருத்த வேண்டும். இரண்டையும் சம அளவில் கலக்க வேண்டாம், குரல் குழாய்க்குள் போனதுபோல் ஆகிவிடும். நல்லதை முதன்மையாக வைத்து, அது உடைந்த இடத்தில் மட்டும் மற்றதற்கு மாறுங்கள்.

சிறு குறைகள்

‘டிரிட் டிரிட்’ என்று வருவது பக்கத்தில் இருந்த தொலைபேசியின் அலை. 217 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அந்த வினாடிகளில் மட்டும் நாட்ச் போடுங்கள். ஒலிவாங்கி கூவும் ஊளைக்கும் அதே முறை: ஸ்பெக்ட்ரோகிராமில் பிரகாசமான கோடாகத் தெரியும், அதன் மீடிறனில் ஒடுக்கமாக வெட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் உச்சியை மைனஸ் 1 டெசிபலுக்குக் கொண்டுவந்து, மூலத்தோடு மாறி மாறி ஒரே உரப்பில் கேட்டுப் பாருங்கள். திருத்தியதில் பாடுபவர் தூரமாகிப் போயிருந்தால் எங்கோ அதிகம் வெட்டிவிட்டீர்கள், ஒரு படி பின்னால் போங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒலிக் கோப்பாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாமல் போகும். கோப்பின் பெயரில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு, நிகழ்ச்சி, பாடியவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். திருத்தியதையும் திருத்தாத மூலத்தையும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.